மாஸ்டர் வெளியே போயிருக்கிறார்

எங்கள் தெருவில் மூன்று வருடமாக ஒரு மனிதர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவருக்கு முழங்கால் வலி இருப்பது எல்லோருக்கும் தெரியும். டீயில் சர்க்கரை போடமாட்டார், போனில் பேசப் பிடிக்காது, முன்கோபக்காரர், ஆனால் கத்தரிக்கோல் பிடித்தால் அப்படி ஒரு கை. அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று எப்படியோ ஒரு பேச்சுக் கிளம்பி, வரன் விசாரிக்க ஓர் அம்மாள் என் கடைக்கே வந்துவிட்டார். தையல்கடை மாஸ்டர் என்றால் அவ்வளவு பேர்.

அப்படி ஓர் ஆளே கிடையாது என்பது ஏழெட்டுப் பேருக்குத்தான் தெரியும். அதில் நானும் ஒருவன். தையல்கடைக்கு நேர் எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. குடியிருப்பது டேப்பக்கா வீட்டு மாடியில். டேப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். துணி அளக்கும் டேப் கழுத்தில் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. சொந்தக்காரர் கல்யாணத்துப் போட்டோவில்கூட நகைக்கு மேலே டேப் கிடக்கிறது. மாஸ்டரை உண்டாக்கியது அவள்தான்.

அந்தக் கடையில் பதினோரு வருடம் மிஷின் மிதித்தவள் அக்கா. பழைய மாஸ்டர் சொந்தமாகக் கடை போடப் போனபோது முதலாளி வெட்டு மேசையை அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போதே, "ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கம்மா" என்றார். எதிரே நிற்பவளை ஆள் கணக்கில் சேர்க்காமல் பேசுகிறோம் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. எனக்கே அது உறைக்க மூன்று வருடம் ஆனது.

முதல் நாள் வந்த முதல் ஆள் ஒரு பேன்ட் துணியோடு வந்தார். கழுத்தில் டேப், காதில் சாக்கட்டி, கையில் ஒரு முழ நீளக் கத்தரிக்கோல், இத்தனையும் வைத்துக்கொண்டு நின்றவளிடம், மாஸ்டர் இல்லையா என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் துணியைத் தடவிப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நெற்றியைத் தட்டிக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். அவர் அப்புறம் இன்றுவரை வரவில்லை. இரண்டாவது ஆள் அந்த மரியாதைகூடக் காட்டவில்லை. மூன்றாவதாக வந்தவரும் மாஸ்டர் இல்லையா என்றதும், அக்காவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது: "வெளிய போயிருக்காரு. என்னை அளவெடுத்து வைக்கச் சொன்னாரு."

மூன்றாவது ஆள் நிம்மதியாகக் கையைத் தூக்கி அளவு கொடுத்தார்.

அதோடு மாஸ்டர் பிறந்தார், வளர்ந்தார். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார்கள், முழங்காலைக் காட்டப் போயிருக்கிறார் என்றாள். நம்பர் கேட்டார்கள், போன் பேசமாட்டார் என்றாள். டீக்கடைக்காரரிடம் தவறுதலாக ஒரு டீ அதிகம் சொல்லிவிட்டு, அது சர்க்கரை இல்லாத மாஸ்டர் டீ என்று சமாளித்தாள். அந்த டீயைத் தினமும் அவளே குடிக்க வேண்டியதாயிற்று. மாதம் ஒருமுறை நூலும் பட்டனும் கொண்டுவரும் பட்டன்காரர் இருக்கிறாரே, அவர் இதையெல்லாம் தாண்டியவர். மாஸ்டரோடு பஸ்ஸில் ஒன்றாக வந்ததாகவும், டிக்கெட்டை மாஸ்டரே எடுத்ததாகவும் என்னிடம் சத்தியம் செய்தார். நானும் யோக்கியன் இல்லை. யாராவது எதிர்க்கடையில் மாஸ்டர் இருக்கிறாரா என்று கேட்டால், இப்போதுதான் கிளம்பினார் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

வீட்டில் அவள் மகள்தான் நேராகக் கேட்பாள். பத்தாவது படிக்கிற பெண், நாக்கில் பிளேடு. ஒருநாள் மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள்: "மூணு வருஷமா கடைக்கே வராத ஆளுக்கு இவ்வளவு நல்ல பேரு. நீ தினமும் போற, உனக்கு ஒண்ணும் இல்ல. நீயும் போகாம இருந்து பாரேம்மா."

புருஷன் பஸ் டிரைவர். தங்கமான மனிதர், ஆனால் அவரும் டெப்போவில், எங்க வீட்டம்மா வேலை செய்யற கடையில ஒரு மாஸ்டர் இருக்காரு என்றுதான் பேசுவார். நீதான் என்று சொன்னால் ஒருத்தனும் துணி கொடுக்க மாட்டான், உன் நல்லதுக்குத்தான் என்பார். அவளும் தலையாட்டுவாள்.

பாராட்டெல்லாம் மாஸ்டருக்குப் போனது. பயம் மட்டும் அக்காவிடமே தங்கிவிட்டது. ஒரு சட்டைக்கு நான்கு தடவை அளப்பாள். நான்கு தடவையும் ஒரே அளவு வரும். அதற்கப்புறமும், எதற்கும் இருக்கட்டும் என்று ஓரம் ஒவ்வொன்றிலும் அரை இஞ்ச் கூட்டி வெட்டுவாள். தையலுக்கு விட வேண்டிய துணி போக, இது பயத்துக்கு விட்ட துணி. குறைந்துபோனால் ஒட்டவைக்க முடியாது, கூடினால் பிடித்துக்கொள்ளலாம் என்பது அவள் வாதம். வீட்டு ஜன்னல் திரையும் அப்படித்தான், தரையைப் பெருக்கிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அரை இஞ்ச் கூட்டி வெட்டியும், தைத்து வந்த துணியை அவள் அளந்தால் எப்போதும் அளவு சரியாகவே இருக்கும். இதற்கு அவளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இஸ்திரிச் சூட்டில் துணி சுருங்குகிறதாம். நல்லவேளை கூட்டி வெட்டினோம், இல்லாவிட்டால் மானம் போயிருக்கும் என்று என்னிடமே எத்தனையோ தடவை பெருமூச்சு விட்டிருக்கிறாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் டிரைவரின் டெப்போவிலிருந்து அறுபத்துநான்கு பேன்ட் தைக்க ஆர்டர் வந்தது. டெப்போ அதிகாரிக்கு நம் மாஸ்டர் மேல் ஒரு பக்தி. தன் மகள் கல்யாணத்துக்கு இங்கேதான் கோட்டு தைத்திருந்தார். ஆர்டர் வந்த அன்றே முதலாளி அக்காவைக் கூப்பிட்டு, ஆள் கிடைத்துவிட்டது என்றார். வெளியூர்க்காரர், இருபது வருட அனுபவம். டெப்போ வேலை எப்படி வருகிறதென்று பார்த்துவிட்டு, அவரை வரச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறாராம். வந்தால் அக்கா பழையபடி மிஷினுக்கு. முதலாளி இதைக் கனிவாகவே சொன்னார். அவளுக்குப் பாரம் குறையும் என்றுகூடச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாத்தனார் வந்தார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. தன்னம்பிக்கை பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்து, சர்டிபிகேட்டை என் கடையில்தான் லேமினேட் செய்தார். எதிரே யார் அகப்பட்டாலும் பாடம் எடுத்துவிடும் சுபாவம். விஷயத்தைக் கேட்டதும் தம்பி மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

"எந்தக் கையால வெட்டற?"

"வலது கைதான் அண்ணி."

"அந்தக் கையை நீ நம்பலைன்னா வேற யாரு நம்புவா? இந்தத் தடவை அளந்தது அளந்தபடி வெட்டு. ஒரு நூல் கூட்டக் கூடாது. தைச்சு வந்ததும் திரும்ப அளக்கவும் கூடாது. அளந்தா உன்னை நீயே நம்பலைன்னு அர்த்தம்."

"துணி சுருங்குமே அண்ணி?"

"உன் மனசுதான் சுருங்குது."

இந்தக் கடைசி வாக்கியம் பயிற்சிப் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அக்காவைப் பிடித்துவிட்டது. மறுநாள் டெப்போ துணியில் ஒரு முழம் வெட்டித் தண்ணீரில் முக்கி, காயவைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தி அளந்து பார்த்தாள். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. டெப்போவுக்குப் போய் அறுபத்துநான்கு பேருக்கும் அவளே அளவெடுத்து வந்து, வெட்டினாள். அளந்தது அளந்தபடி. என் கடையிலிருந்து பார்த்தேன், கத்தரிக்கோல் நிற்காமல் ஓடியது. அவள் அப்படி வெட்டி நான் பார்த்ததே இல்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டு முணுமுணுத்தாள், மகள் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். தைத்து வந்த பேன்ட்டுகளை அளக்காமலே மடித்துக் கட்டி அனுப்பினாள். அளக்காமல் இருப்பதற்காக டேப்பைக் கழற்றி மேசை டிராயரில் பூட்டிவைத்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு டிரைவர் வீட்டுக்கு வந்தார். அந்நேரம் பஸ் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டிய மனிதர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். புது பேன்ட் போட்டிருந்தார். சைக்கிளில் ஏன் ஏறவில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

டெப்போவில் நடந்ததை அவர் நின்றுகொண்டே சொன்னார். அறுபத்துநான்கு பேரும் புது பேன்ட் போட்டு வரிசையில் நின்றபோது பார்க்க லட்சணமாகத்தான் இருந்ததாம். நிற்கிறவரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் டிரைவர் வேலை நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லையே. முதல் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கியவருக்குப் பின்பக்கம் கிழிந்த சத்தம் டிக்கெட் கவுன்டர் வரை கேட்டது. இரண்டாமவர் எப்படியோ ஏறிவிட்டார், உட்கார முடியவில்லை. உட்கார்ந்த ஒரே ஒருவரால் எழுந்திருக்க முடியவில்லை, அவரைச் சீட்டோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். ஆறு பஸ் நேரத்துக்குக் கிளம்பவில்லை.

"அதிகாரி கடைக்குக் கிளம்பிட்டாரு" என்றார் டிரைவர். "மாஸ்டரைப் பாக்காம திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாரு. நீ இன்னைக்கு லீவு போட்டுடேன்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். என் கடையைத் திறக்க வேண்டும் என்பது ஒரு சாக்கு.

அதிகாரி ஏற்கெனவே வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்யாணக் கோட்டைத்தான் போட்டிருந்தார், யாரையாவது திட்டப் போகும்போதெல்லாம் அதைத்தான் போடுவாராம். மடியில் ஒரு பேன்ட். அன்றைக்குப் பார்த்து பட்டன்காரரும் வந்திருந்தார். மாஸ்டர் எங்கே என்று அதிகாரி பொதுவாகக் கேட்க, பட்டன்காரர், இப்போதுதான் நொண்டிக்கொண்டே பஸ் ஏறினார், என் கண்ணால் பார்த்தேன் என்றார். பயந்து ஓடியிருக்கிறான் என்றார் அதிகாரி. வருகிறவரை உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொல்லிக் காலை நீட்டிக்கொண்டார்.

முதலாளி அக்காவைத் துணி அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொன்னது எனக்கும் கேட்டது: "மாஸ்டரை வேலையவிட்டு நிறுத்தியாச்சுன்னு சொல்லிடறேன். புது மாஸ்டர் திங்கக்கிழமை வராருன்னு சொன்னா ஆறிடுவாரு. உன் பேரு எங்கயும் வராது. நீ பழையபடி மிஷின்ல உக்காந்துக்க. என்ன?"

யோசித்தால் நல்ல ஏற்பாடுதான். இல்லாத ஆளுக்கு வேலை போனால் யாருக்கு நஷ்டம்? ஆனால் நஷ்டம் அக்காவுக்குத்தான். இத்தனை நாள் பேரை அவருக்குக் கொடுத்துவிட்டாள், இப்போது மேசையையும் அவரோடு அனுப்பச் சொல்கிறார்கள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்தத் தப்பு ஒன்றுதான்.

அவள் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"சார், மாஸ்டர் எங்கயும் போகல. நான்தான் மாஸ்டர். வெட்டினது நான்தான்."

யாரும் நம்பவில்லை. அதிகாரி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த ஆளுக்காக நீ ஏம்மா பழியைச் சுமக்கறே, அவன் ஓடிட்டான், உன்னை மாட்டிவிட்டுட்டான் என்றார். பட்டன்காரர், பஸ் நம்பரைக்கூடச் சொல்கிறேன் என்றார். முதலாளி, பாவம் வேலை அதிகம், களைப்பில் பேசுகிறாள் என்றார். மூன்று வருடம் பொய் சொல்லி நம்பவைத்தவள், உண்மையைச் சொல்லி நம்பவைக்கத் தெரியாமல் நின்றாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது. அக்காவுக்குக் கோபம் வரும் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நேராக அதிகாரி அருகில் போய்க் குனிந்து, மெதுவாகத்தான் பேசினாள். வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"சார், உங்க இடது தோள் வலதைவிட முக்கால் இஞ்ச் இறக்கம். மாஸ்டர் மட்டும் பாக்கணும்னு சீட்டுல எழுதி ஒட்டிக் குடுத்தீங்க. முதல்ல ஒரு மடிப்பு பஞ்சு வச்சேன், கை குடுக்கும்போது தெரிஞ்சது. பிரிச்சுட்டு ரெண்டாவது மடிப்பைப் பின்பக்கமா சாய்ச்சு வச்சேன். பிரிச்ச ஊசித் தடம் உள்துணியில இன்னும் இருக்கும். கையை விட்டுப் பாருங்க."

அதிகாரியின் வலது கை கோட்டுக்குள் போனது. இடது தோளுக்கு அடியில் தடவிக்கொண்டே இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"ஆம்பளைன்னு நெனச்சில்ல அதை எழுதிக் குடுத்தேன்" என்றார், அதைவிட மெதுவாக.

"நான் யார்கிட்டயும் சொல்லல சார்."

உண்மைதான். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மடியிலிருந்த பேன்ட்டை நீட்டினார். சரி, அவ்வளவு தெரிந்த கைக்கு இது எப்படி நேர்ந்தது என்று கேட்டார். இதற்குமுன் வாம்மா போம்மா என்றவர், கேட்கும்போது நீங்க என்றார்.

அக்கா பேன்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலைக் கையால் தடவியவள் அப்படியே நின்றாள். பிளேடை எடுத்துத் தையலைப் பிரித்தாள். உள்ளே துணி தடிமனாக மடிந்து கிடந்தது. தையலுக்கு விட்டதைப்போல இரண்டு மடங்கு. ஓர் ஓரத்துக்கு அரை இஞ்ச், இடுப்பைச் சுற்றி நாலு ஓரம். இரண்டு இஞ்ச் துணி உள்ளேயே ஒளிந்திருந்தது.

கடையில் தைப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்கு ஓவர்லாக் என்று பெயர், துணி ஓரத்தை வெட்டிக்கொண்டே அடிக்கும் அந்த மிஷினைப்போல அவள் வாய் நிற்காமல் ஓடும். இன்னொருவர் நெட்டையர், மாதத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு ஓவர்லாக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நெட்டையர் எழுந்து நின்றார்.

"நாங்கதான் அக்கா பிடிச்சோம். நீங்க அரை இஞ்ச் கூட்டித்தான் வெட்டுவீங்கன்னு தெரியும். அதனால எப்பவும் அரை இஞ்ச் உள்ள பிடிச்சுத்தான் தைப்போம். இந்தத் தடவை நீங்க கூட்டலைன்னு எங்களுக்குத் தெரியாது."

"எப்பவும்னா?"

"நீங்க மேசைக்கு வந்த நாள்ல இருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

இப்போது ஓவர்லாக்கால் அடக்க முடியவில்லை. "எப்படிக்கா சொல்றது? நீங்களே பயந்து பயந்து வெட்டறீங்க. அளவு தப்புன்னு சொன்னா அன்னைக்கே மேசையை விட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எவனாவது வந்து எங்களை வாடி போடான்னு பேசுவான். வெட்டின துணுக்கு கீழ விழுந்தாக்கூட நீங்க பாத்துடுவீங்கன்னு, ஓவர்லாக் கத்தியைத் தூக்கி வச்சுட்டு, வெட்டாம உள்ளயே மடிச்சு அடிச்சோம். ஒரு துணுக்குக் கீழ விழல, தெரியுமா?"

அக்காவுக்கு முதலில் அவமானமாகத்தான் இருந்தது, கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் துணி சுருங்கியதே இல்லை. இரண்டு பேர் அவள் பயத்தை அவளுக்குத் தெரியாமல் மடித்து மடித்துத் தைத்திருக்கிறார்கள். அப்புறம் அவள் முகம் மாறியது. என்ன கணக்குப் போட்டாள் என்று எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் கழித்தது அவள் கூட்டியதை மட்டும்தான். அவள் அளந்த அளவில் மூன்று வருடத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை.

பட்டன்காரர் மட்டும், அப்படியென்றால் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுத்தது யார் என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரியிடம் திரும்பினாள். "துணி உள்ளயேதான் இருக்கு சார். தையலைப் பிரிச்சு விட்டுடலாம். கிழிஞ்ச ஒண்ணை மட்டும் புதுசா வெட்டறேன். மூணு நாள்."

முதலாளி முன்னால் வந்தார். புது மாஸ்டர் திங்கட்கிழமை வந்துவிடுவார், அவர் கையால் எல்லாவற்றையும் புதிதாகவே வெட்டித் தந்துவிடலாம் என்று ஆரம்பித்தார். அதிகாரி எழுந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். இரண்டு தோளும் சமமாக நின்றன.

"மாஸ்டர் மூணு நாள்னு சொல்றாங்க. நடுவுல நீங்க என்ன?"

மூன்று வருடமாகச் சொன்னாரு, போயிருக்காரு, வருவாரு என்றே கேட்டுக்கொண்டிருந்த கடையில் அந்த 'சொல்றாங்க' வந்து விழுந்தது. முதலாளி ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ஒன்றுமில்லை சார், மாஸ்டர் சொன்னால் சரிதான் என்றார்.

அதிகாரி போனதும் அக்கா பேன்ட் மூட்டைகளை உடனே கொண்டுவரச் சொல்லிப் புருஷனுக்குப் போன் செய்தாள். டெப்போவில் டியூட்டி முடிந்தவர்கள் யாருக்காவது பிளேடு பிடிக்கத் தெரிந்தால் அவர்களையும் கூட்டிவரச் சொன்னாள்.

நெட்டையர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்துக்கு இரண்டு தையல், ஆளுக்கு இத்தனை, பிரிக்க ஒரு நாள், தைக்க, இஸ்திரி போட. எண்ணி முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, எப்படிப் பாத்தாலும் மூணு நாள் முழுசா ஆகுது. எப்பவும் ரெண்டு நாள் கூட்டித்தானே சொல்லுவீங்க?"

"இனிமே கூட்டறது இல்ல" என்றாள் அக்கா.

நெட்டையர் உட்கார்ந்துவிட்டார். ஓவர்லாக் பிளேடைத் தேடிக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்: "இவங்க பயந்தப்ப நமக்கு அரை இஞ்ச்தான் கூடுதல் வேலை."